காட்ஃப்ளெஷ் (1988 இசைத்தட்டு)

காட்ஃப்ளெஷ், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரைச் சேர்ந்த அதே பெயருள்ள இசைக்குழு 1988-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு. ஆறு பாடல்கள் கொண்டது. முழு ஆல்பமாக அல்லாமல் ஈ.பி. எனப்படும் சிறு தொகுப்பாக வெளிவந்தது. மெட்டல் இசையில் மனித டிரம்மரின் இடத்தில் டிரம் மெஷினை வைத்து, அதையே இசையின் மையமாக்கிய தொடக்ககால முயற்சிகளில் ஒன்று. பின்னாளில் இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்று அழைக்கப்பட்ட இசைவகையின் ஆரம்பப் படைப்புகளில் ஒன்றாக மதிப்பிடப்படுகிறது. குழுவின் முழுமையான வடிவம் அடுத்த ஆண்டு வெளிவந்த ஸ்ட்ரீட்கிளீனர் ஆல்பத்தில் உருவானது. அதற்கு முந்தைய மாறுநிலையைக் காட்டும் ஆவணம் என்ற வகையில் இத்தட்டு முக்கியமானது.

வெளியீடு

இத்தட்டை பர்மிங்ஹாமின் ஸ்வோர்ட்ஃபிஷ் என்னும் சிறு நிறுவனம் 1988-ல் வெளியிட்டது. ஜஸ்டின் பிராட்ரிக் பாடி கிட்டார் வாசித்தார். ஜி.சி. கிரீன் பேஸ் கிட்டார் வாசித்தார். தாளம் முழுவதும் டிரம் மெஷினில் அமைக்கப்பட்டது. அவலாஞ்ச் மாஸ்டர் சாங், வெயின்ஸ், காட்ஹெட், ஸ்பைன்பெண்டர், வீக் ஃப்ளெஷ், ஐஸ் நெர்வ்ஷாட்டர் ஆகியவை இதிலுள்ள பாடல்கள். மொத்தம் ஏறத்தாழ அரைமணி நேரம்.

1990-ல் நாட்டிங்ஹாமின் இயரேக் நிறுவனம் இதனை மறுவெளியீடு செய்தது. அப்போது வூண்ட்ஸ், ஸ்ட்ரீட்கிளீனர் 2 என்னும் இரு நீண்ட பாடல்கள் சேர்க்கப்பட்டன. இன்று பெரும்பாலானோர் கேட்பது இந்த எட்டுப்பாடல் வடிவத்தையே. பின்னால் சேர்க்கப்பட்ட இரண்டும் குழு தன் வடிவத்தை அடைந்த பிறகு வெளிவந்தவை. ஆகவே 1988-ன் தட்டை மதிப்பிட விரும்புபவர்கள் முதல் ஆறு பாடல்களைத் தனியாகக் கேட்கவேண்டும். எட்டையும் ஒன்றாகக் கேட்டால் மாறுநிலையின் தடுமாற்றங்கள் மறைந்து, குழு தொடக்கத்திலேயே முழுமையடைந்திருந்தது என்ற தவறான எண்ணம் உருவாகும்.

பின்னணி

1969-ல் பிறந்த பிராட்ரிக் இத்தட்டு வெளிவந்தபோது பதின்வயதைக் கடந்திருக்கவில்லை. ஆனால் அதற்குள் மூன்று குழுக்களில் பங்காற்றியிருந்தார். நபாம் டெத் குழுவின் ஸ்கம் (1987) ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்தவர் அவர். உலகின் மிகக் குறுகிய பாடல் என்று கின்னஸ் பதிவு பெற்ற, ஏறத்தாழ ஒரு நொடியில் முடியும் யூ சஃபர் அந்தப் பக்கத்தில் உள்ளது. அடுத்து ஹெட் ஆஃப் டேவிட் குழுவில் டிரம்மராக இருந்தார்.

மூன்றாவது குழு ஃபால் ஆஃப் பிகாஸ். கிரீனும் பால் நெவிலும் தொடங்கிய இக்குழுவில் பிராட்ரிக் டிரம்மராகவும் பாடகராகவும் சேர்ந்தார். கில்லிங் ஜோக் குழுவின் ஒரு பாடலின் தலைப்பே குழுவின் பெயராயிற்று. நியூயார்க்கின் ஸ்வான்ஸ் குழுவைப் போல மெதுவாகவும் கனமாகவும் வாசிப்பது இவர்களின் வழி. இக்குழுவின் பல பாடல்கள் பின்னர் ஸ்ட்ரீட்கிளீனர் ஆல்பத்தில் மறுவடிவம் பெற்றன.

1988-ல் பிராட்ரிக்கும் கிரீனும் மட்டும் சேர்ந்து காட்ஃப்ளெஷ் குழுவைத் தொடங்கினர். டிரம்மராக இருந்தவர் கிட்டாருக்கு மாறினார். அவர் விட்ட இடத்துக்கு வேறொரு மனிதர் வரவில்லை, இயந்திரம் வந்தது. டிரம்மரே தன் இடத்தை இயந்திரத்துக்குக் கொடுத்தார் என்பது இத்தட்டைப் புரிந்துகொள்ள உதவும் அடிப்படைச் செய்தி.

டிரம் மெஷின் அப்போது புதிய கருவி அல்ல. நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்களும் சிகாகோவின் பிக் பிளாக் குழுவும் அதைப் பயன்படுத்தியிருந்தனர். பிராட்ரிக் ஹிப்-ஹாப் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். இண்டஸ்ட்ரியல் என்ற சொல்லும் பழையதே. லண்டனின் த்ராபிங் கிரிசில் குழு 1976-ல் தன் நிறுவனத்துக்கு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று பெயரிட்டது. மேற்கு பெர்லினின் ஐன்ஸ்டுர்சண்ட நொய்பாவ்டன் குழு இரும்புத் தகடுகளையும் துளையிடும் கருவிகளையும் வாத்தியங்களாக்கியது. இந்த இரு ஓடைகளும் பிளாக் சபாத் வழிவந்த கனத்த கிட்டார் இசையுடன் கலந்த இடம் காட்ஃப்ளெஷ்.

பாடல்களின் அமைப்பு

பாடல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பைக் கொண்டவை. இயந்திரம் ஒரு தாளத்தை வைக்கிறது. பேஸ் கிட்டார் அதன்மேல் ஒரு சிறு சுரத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மெட்டல் இசையில் பேஸ் பொதுவாகக் கிட்டாரின் நிழலாகச் செல்லும். இங்கே பாடலைத் தூக்கி நிறுத்துவது கிரீனின் பேஸ்தான். மெட்டு என்று ஒன்றைச் சொல்லமுடியுமென்றால் அது அதில்தான் உள்ளது. கிட்டார் அதன்மேல் உலோகம் உரசும் ஒலியாக வந்து விழுகிறது. பிராட்ரிக்கின் குரல் உறுமலும் கத்தலுமாக, ஒலிக்கலவையில் சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டுள்ளது. சொற்கள் குறைவு. அவை கதை சொல்வதில்லை.

அவலாஞ்ச் மாஸ்டர் சாங் இந்த முறையை முதலிலேயே அறிவிக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகும் குழு மேடையில் வாசித்த பாடல் இது. ஸ்பைன்பெண்டர், ஐஸ் நெர்வ்ஷாட்டர் ஆகியவற்றில் திரும்பச் சொல்லுதல் இன்னும் தீவிரமாகிறது. பாடல் வளர்ந்து உச்சத்துக்குச் செல்லும் என்ற எதிர்பார்ப்பை இவை நிறைவேற்றுவதில்லை. தொடங்கிய இடத்திலேயே நின்று அழுத்தத்தை மட்டும் கூட்டுகின்றன.

இயந்திரத் தாளம்

இத்தட்டில் டிரம் மெஷின் செய்யும் வேலையைத் தமிழ் வாசகர் பக்கவாத்தியம் என்ற கருத்தைக்கொண்டு எளிதில் புரிந்துகொள்ளலாம். கச்சேரியில் மிருதங்கக் கலைஞர் பாடகரைக் கேட்டபடி வாசிக்கிறார். பாடகர் இழுத்தால் இடம் கொடுக்கிறார், நிறுத்தினால் நிறுத்துகிறார். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இடையே உள்ளதும் இதே உறவுதான். ராக் இசையின் டிரம்மரும் உடன் வாசிப்பவர்களைக் கேட்டே வாசிக்கிறார். தாளம் சற்று முந்துவதும் பிந்துவதும் அந்தக் கேட்டலின் விளைவு.

டிரம் மெஷினுக்குக் காது இல்லை. பாடகர் களைத்தாலும் கிட்டார் தடுமாறினாலும் அதன் அடி அதே இடத்தில் விழும். திரையிசையில் இந்தக் குறை பொதுவாக மறைக்கப்படுகிறது. இளையராஜா கணினிவழி இசையைக் கையாண்ட புன்னகை மன்னன் (1986) இசையில் இயந்திரத்தின் துல்லியம் நடனத்துக்கான துள்ளலாக மாறியது. கேட்பவருக்கு அது இனிய புதுமையாகவே இருந்தது. காட்ஃப்ளெஷ் அந்தக் குறையை மறைக்காமல் முன்னால் கொண்டுவந்து வைத்தது. இங்கே இயந்திரம் பக்கவாத்தியமாக இல்லை. மனிதர்கள் இருவரும் இயந்திரத்துக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள்.

தாளம் மிக மெதுவாக இருப்பதும் இதன் பகுதியே. வேகமான பாடலில் மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள சிறு இடைவெளிகள் காதுக்கு எட்டுவதில்லை. மெதுவான தாளத்தில் ஒவ்வோர் அடிக்கும் இடையே காத்திருக்கவேண்டியுள்ளது. அந்தக் காத்திருப்பில் கிட்டாரும் குரலும் சற்றே தளர்வதும் மீண்டும் அடிக்குள் இழுக்கப்படுவதும் தெளிவாகக் கேட்கின்றன. தட்டின் உணர்ச்சி முழுவதும் இந்தச் சிறு விலகலில்தான் உள்ளது. பாடல்வரிகள் சொல்லாததை அது சொல்கிறது.

மாறுநிலைக் கூறுகள்

இத்தட்டு இன்னும் முடிவெடுக்காத ஒரு குழுவின் படைப்பு என்பதற்கான அடையாளங்கள் பல உள்ளன. முதன்மையானது வீக் ஃப்ளெஷ். தொகுப்பிலேயே மிகக் குறுகியதும் வேகமானதுமான இப்பாடல் பிராட்ரிக்கின் நபாம் டெத் காலத்தின் மிச்சம். மற்ற ஐந்து பாடல்களும் உருவாக்கும் அழுத்தத்தை இது இடையில் கலைத்துவிடுகிறது. ஆனால் இன்னொரு வகையில் பயனுள்ளது. இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினால் அச்சம் கூடுவதில்லை, குறைகிறது என்று இது காட்டுகிறது. குழு இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது என்பதற்கு ஸ்ட்ரீட்கிளீனர் சான்று.

இரண்டாவது, டிரம் மெஷினின் ஒலி. இங்கே அது சற்று மெலிந்தும் வறண்டும் உள்ளது. சில இடங்களில் டிரம்மர் ஒருவர் வாசிக்கக்கூடியதையே இயந்திரமும் வாசிக்கிறது. இயந்திரம் மனிதனுக்குப் பதிலாக நிற்கிறதா, அல்லது இயந்திரமாகவே நிற்கிறதா என்ற கேள்வி முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. ஸ்ட்ரீட்கிளீனரில் அடிகளின் கனமும் இடைவெளியும் கூடியபோது அந்த ஐயம் நீங்கியது.

மூன்றாவது, குரல். பின்னாளில் பிராட்ரிக் உறுமலுடன் மெல்லிய, ஏறத்தாழத் துயரமான பாடுமுறையையும் வளர்த்துக்கொண்டார். 1988-ல் உறுமலே மேலோங்கியிருக்கிறது. ஆறு பாடல்களையும் தொடர்ந்து கேட்கையில் குரல் ஒரே நிறத்தில் இருப்பது குறையாகவே தோன்றும்.

பர்மிங்ஹாமும் அம்பத்தூரும்

மெட்டல் இசை பர்மிங்ஹாமில் பிறந்ததற்கு அந்நகரின் தொழிற்சாலைகளைக் காரணம் காட்டுவது வழக்கம். அது வெறும் உருவகம் அல்ல. பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி 17-ஆம் வயதில் தகட்டு ஆலையில் வேலைசெய்தபோது வலக்கையின் இரு விரல்நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால் நரம்புகளை அழுத்தவேண்டிய கை அது. பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த உறைகளை விரல்களில் மாட்டிக்கொண்டு வாசித்தார். அழுத்தம் குறையவேண்டுமென்று பின்னர் நரம்புகளைத் தளர்த்தினார். அதிலிருந்து வந்த தாழ்ந்த, கனத்த ஒலி மெட்டல் இசையின் அடையாளமாயிற்று. காட்ஃப்ளெஷின் கிட்டார் ஒலி அதன் நேரடி வாரிசு.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்த வரலாறு அந்நியமானது அல்ல. 1949-ல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் ஆலை அமைத்த டி.ஐ. சைக்கிள்ஸ், பர்மிங்ஹாம் வட்டாரத்தில் உருவான டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டுமுயற்சி. தமிழ்நாட்டின் சாலைகளில் ஓடிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களின் பெயர்கள் இரண்டும் பர்மிங்ஹாமில் பிறந்தவை. பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் பெயரில் உள்ள லூகாஸும் பர்மிங்ஹாம் நிறுவனமே. அம்பத்தூரில் டயர் ஆலை நடத்திய டன்லப்பின் பெரிய ஆலையான ஃபோர்ட் டன்லப்பும் அந்நகரில்தான் இருந்தது. 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை இந்தப் பெரிய ஆலைகளுக்கு அருகே, நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளுடன் வளர்ந்தது.

தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள அயனம்பாக்கம், ஏரியும் வயலுமாக இருந்த ஊர். ஏரி இன்றும் உள்ளது. பேட்டையில் வேலைசெய்பவர்களும் பட்டறை நடத்துபவர்களும் குடியேறிய பகுதி இது. பவர் பிரஸ், லேத், கிரைண்டிங் ஆகியவற்றின் ஒலியை அன்றாடம் அறிந்தவர்கள் இங்கே வாழ்கிறார்கள். அவர்கள் காதுக்குக் காட்ஃப்ளெஷின் ஒலி வேறுவிதமாகவே பொருள்படும். பிரஸ்ஸில் வேலைசெய்பவர் தகட்டை வைத்துக் கையை எடுக்கவேண்டிய நேரத்தை இயந்திரமே முடிவுசெய்கிறது. அடி விழும் நேரத்தில் கை உள்ளே இருந்தால் இயந்திரம் நிற்பதில்லை. அயோமியின் விரல்களுக்கு நேர்ந்தது எந்த நாட்டுப் பட்டறையிலும் நேரக்கூடியது. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் (1948) 21-ஆம் பிரிவில் சொன்னது அதனால்தான். காதில்லாத தாளத்துக்கு உடலை ஒப்புக்கொடுத்தல் என்ற அனுபவம் பட்டறையில் இருக்கிறது. அதை இசையின் அமைப்பாகவே மாற்றியது இத்தட்டின் சாதனை.

தமிழ் மரபில் உழைப்புக்குத் தனிப்பாடல்கள் உண்டு. ஏற்றப்பாட்டில் இறைத்த சாலின் எண்ணிக்கையும் பாட்டும் ஒன்றாகவே செல்லும். உழைப்பவரின் மூச்சே அங்கு தாளம். நடவுப்பாட்டிலும் வேகத்தை முடிவுசெய்பவர்கள் நடுபவர்கள். பிரஸ் ஷாப்புக்கு அவ்வாறு ஒரு பாட்டு உருவாகவில்லை. அங்கே தாளத்தை வைத்திருப்பது இயந்திரம். மனிதக்குரல் எழுந்தாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. காட்ஃப்ளெஷ் உருவாக்கியதை உழைப்பு தன் தாளத்தை இழந்த பிறகு வரும் பாட்டு என்று சொல்லலாம். குரல் ஒலிக்கலவையில் பின்னால் தள்ளப்பட்டிருப்பதற்கு இந்தப் பொருள் பொருந்துகிறது.

இரு ஊர்களுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. 1988-ன் பர்மிங்ஹாமில் ஆலைகள் பல ஏற்கனவே மூடப்பட்டிருந்தன. பிராட்ரிக்கின் தலைமுறைக்குக் கிடைத்தது வேலை அல்ல, வேலை போன நகரம். ஆகவே இத்தட்டில் ஒலிக்கும் இயந்திரம் எதையும் உற்பத்தி செய்வதில்லை. அம்பத்தூரிலும் டன்லப் ஆலை பின்னர் மூடப்பட்டது. பேட்டைக்குள் ஐ.டி. அலுவலகங்கள் எழுந்தன. ஆனால் பட்டறைகள் இன்றும் இயங்குகின்றன. ஆயுதபூஜை அன்று இயந்திரங்கள் நிறுத்தப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை சூட்டப்படுகின்றன. ஆண்டு முழுவதும் சோறுபோடுவதும் அஞ்சவைப்பதும் அதே இயந்திரம்தான். கடவுள், சதை என்ற இரு சொற்களை இணைத்த காட்ஃப்ளெஷ் என்னும் பெயர் அந்த நாளில் எதிர்பாராத பொருத்தம் கொள்கிறது.

விமர்சனங்கள்

இண்டஸ்ட்ரியல் இசைமீது பொதுவாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது தொழிற்சாலையின் துன்பத்தை அழகுப்பொருளாக்குகிறது என்பது. எட்டுமணிநேர வேலைக்கு 90 டெசிபல் என்று இரைச்சலுக்கு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த இரைச்சலில் செவித்திறனை இழந்த ஒருவரிடம், அதே ஒலியைப் பணம்கொடுத்து உரக்கக் கேட்பவர்களைப் பற்றிச் சொன்னால் அவர் சிரிக்கக்கூடும். இந்தக் குற்றச்சாட்டை முற்றிலும் ஒதுக்கமுடியாது. இத்தட்டில் தொழிலாளி என்ற பாத்திரம் இல்லை. கூலி, முதலாளி, சங்கம் எதுவும் இல்லை. துன்பம் அரசியல் காரணங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, மனிதநிலையின் பொதுவான துன்பமாகவே வைக்கப்படுகிறது.

ஆனால் இயந்திரத்தின் வலிமையைக் கொண்டாடும் இசைக்கும் இதற்கும் வேறுபாடு உள்ளது. பிற்கால இண்டஸ்ட்ரியல் மெட்டல் குழுக்கள் பல இயந்திரத்தின் பக்கம் நின்றவை. அவற்றில் கிட்டாரும் டிரம்மும் துல்லியமாகப் பொருந்துகின்றன. கேட்பவர் தன்னை இயந்திரமாக உணர்ந்து மகிழ்கிறார். காட்ஃப்ளெஷின் முதல் தட்டில் கேட்பவர் இயந்திரத்தின் அடியில் இருப்பவராகவே உணர்கிறார். அந்த வகையில் பட்டறைக்காரரின் அனுபவத்துக்கு இது நேர்மையாக உள்ளது.

செல்வாக்கு

தட்டு வெளிவந்தபோது சிறு வட்டத்தில் மட்டுமே அறியப்பட்டது. 1989-ல் இயரேக் வெளியிட்ட ஸ்ட்ரீட்கிளீனர் குழுவைப் பரவலாக அறியச் செய்தது. ஃபால் ஆஃப் பிகாஸ் காலத் தோழர் பால் நெவில் அதன் சில பாடல்களில் கிட்டார் வாசித்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபியர் ஃபேக்டரி குழு காட்ஃப்ளெஷின் தாக்கத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் மினிஸ்ட்ரி, நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுக்கள் மின்னிசையிலிருந்து தொடங்கிக் கிட்டாரை நோக்கி வந்தன. காட்ஃப்ளெஷ் எதிர்த்திசையிலிருந்து, கிட்டார் இசையிலிருந்து இயந்திரத்தை நோக்கி வந்தது. நடன அரங்கின் தடம் அதன் முதல் தட்டில் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

குழுவின் பிற்கால வரலாறு 1988-ல் எடுத்த முடிவின் எடையைக் காட்டுகிறது. சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட் (1996), ஹிம்ஸ் (2001) ஆகிய ஆல்பங்களில் மனித டிரம்மர்கள் வாசித்தனர். 2002-ல் குழு கலைந்தது. 2010-ல் மீண்டும் சேர்ந்தபோது பிராட்ரிக்கும் கிரீனும் டிரம் மெஷினுடனேயே மேடையேறினர். எ வேர்ல்ட் லிட் ஒன்லி பை ஃபயர் (2014) முதல் பர்ஜ் (2023) வரையிலான ஆல்பங்கள் அந்த இருவர்–இயந்திர அமைப்பில் உருவானவை.

இசை இடம்

காட்ஃப்ளெஷ் குழுவின் சிறந்த படைப்பு இது அல்ல. அந்த இடம் ஸ்ட்ரீட்கிளீனருக்கு உரியது. முதல் தட்டில் ஒலி மெலிந்திருக்கிறது, குரல் ஒரே நிறத்தில் இருக்கிறது, ஒரு பாடல் பழைய காலத்தைச் சேர்ந்தது. எனினும் மனிதன் தன் இசைக்குள் இயந்திரத்தை அழைத்துவந்து, அதற்குப் பின்னால் நிற்பது என்னவென்று அப்போதுதான் கண்டுகொள்ளும் தருணம் இதில் பதிவாகியுள்ளது. ஸ்ட்ரீட்கிளீனரில் அந்தக் கண்டடைதல் முடிந்துவிட்டது, அங்கே இருப்பது தேர்ச்சி. இயந்திரத்தின் அடிக்கும் மனிதக் கைக்கும் இடையிலான இடைவெளி இன்னும் சரிசெய்யப்படாமல் கேட்பது 1988-ன் இந்த ஆறு பாடல்களில்தான். இண்டஸ்ட்ரியல் மெட்டலைப் பயில விரும்பும் மாணவர்கள் இதையும் ஸ்ட்ரீட்கிளீனரையும் அடுத்தடுத்துக் கேட்பது பயனளிக்கும். பட்டறைகளின் நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்த வேறுபாடு விளக்கமின்றியே புரியக்கூடும்.